மூன்றுக்குக் குறையாமல்

சொல்லிவிட வேண்டியதுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வாயைத் திறந்தால் தானாக வந்துவிடப் போகிறது என்று சொல்லிக்கொண்டே மோகனசுந்தரம் நொய்யலுக்குள் நுழைந்தான். நொய்யல் என்பது அந்த ஆபீசின் பெரிய மீட்டிங் அறை. சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் நாலாவது மாடி முழுக்க அவர்களுடையது. அறைகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று வேலை செய்கிறவர்களையே ஓட்டுப் போட வைத்து நொய்யல், பவானி, அமராவதி என்று ஆறுகளின் பெயரை வைத்திருந்தார்கள். நாற்றமடிக்காத நொய்யல் ஜில்லாவிலேயே இது ஒன்றுதான் என்று அன்றைக்கு அவன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள், தருண் ரொம்பவே சிரித்தான். இந்த ஆபீசில் எல்லாவற்றுக்கும் ஓட்டு உண்டு. என்ன காபி மெஷின், வெள்ளிக்கிழமை என்ன கலர் சட்டை, டீமுக்கு என்ன பெயர், எல்லாம் நீங்களே முடிவு பண்ணுங்கள். எவ்வளவு வேலை, எப்போது முடிப்பீர்கள், அதையும் நீங்களே முடிவு பண்ணுங்கள், நாங்கள் தலையிட மாட்டோம். வாசலில் விரல் வைத்து வருகை பதிகிற மெஷின்கூடக் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வரலாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம், அதனாலேயே யாரும் போவதில்லை. அவன் வழக்கமான மூலையில், ஏசி நேராகத் தலையில் இறங்காத நாற்காலியில் உட்கார்ந்தான். மதியம் சாப்பிட்ட எலுமிச்சை சாதத்தின் வாசம் இன்னும் விரலில் இருந்தது. கோகிலா கட்டிக்கொடுத்தது. டப்பாவை மூடிக் கையில் கொடுக்கும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை, இன்னைக்குத்தானுங்ளே மீட்டிங்கு என்று மட்டும் சொன்னாள். ஆமாம், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றான். அரையாண்டு லீவு வாரத்தில் எனக்கு விடுப்பு வேண்டும், என் மனைவிக்கு ஆபரேஷன். இவ்வளவுதான். காலையிலிருந்து இதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று, பைக்கில் வரும்போது ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே சொன்னான், கணபதி சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டிப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

தருண் அதற்குள் சுவரில் படத்தைப் போட்டுப் பேச ஆரம்பித்திருந்தான். தருண்தான் இந்த டீமுக்கு மேனேஜர், ஆனால் மேனேஜர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான், உங்களில் நானும் ஒருத்தன் என்பான். மோகனசுந்தரத்தைவிடப் பத்து வயது சின்னவன், மோகன்ணா மோகன்ணா என்றுதான் கூப்பிடுவான், வீட்டுக்கு வந்தால் நேராகச் சமையலறை வாசல் வரைக்கும் போய் அக்கா என்ன குழம்பு என்று கேட்பான். திட்டுவதற்கு ஒரு இடம் கொடுக்காத பையன். சுவரில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. கடல் கடந்த ஒரு தேசத்தில் நாய்க்கும் பூனைக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் போடுகிற கம்பெனிக்காகத்தான் இத்தனை பேரும் இங்கே உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். புத்தாண்டிலிருந்து அங்கே புதுத் திட்டம். நாய்க்கு ஆபரேஷன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதற்கான அனுமதி அன்றைக்கே வந்துவிட வேண்டும், தள்ளிப்போனால் நாயும் கஷ்டப்படும், நாயை வளர்க்கிறவர் மனசும் கஷ்டப்படும். அந்த அனுமதி கொடுக்கிற புரோகிராம் மோகனசுந்தரத்தின் பங்கு. மற்றவர்கள் செய்வதெல்லாம் கடைசியில் அதில் வந்துதான் சேர வேண்டும், அது முடியாவிட்டால் ஒன்றும் முடியாது. பெண் நாய்க்குக் கர்ப்பப்பை எடுப்பது என்று அதில் ஒரு வகை இருந்தது. போன மாதம் அதற்கான வரிகளை எழுதியது அவன்தான், எழுதும்போது ஒன்றும் தெரியவில்லை, சாப்பிடக் கை கழுவும்போதுதான் என்னவோபோல் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கிறோம், அடுத்த வாரம் சோதித்துப் பார்க்கிறோம், புத்தாண்டு காலை ஓட விடுகிறோம் என்றான் தருண். அடுத்த வாரம் என்று அவன் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான். அந்த அடுத்த வாரம்தான் கோகிலாவுடைய வாரம்.

கோகிலா மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். நின்றுகொண்டே எடுக்க வேண்டிய வேலை. கர்ப்பப்பையில் கட்டி, ஒன்றல்ல, மூன்று நாலு இருக்கின்றன என்று ஸ்கேனில் சொல்லி வருஷம் ஒன்றாகப் போகிறது. மாதத்தில் பாதி நாள் ரத்தம் போகிறது, அடர்த்தியான கலரில் புடவை பார்த்துக் கட்டுகிறாள், ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் உட்காரப் பயந்து உட்காராமலே இருக்கிறாள், மாடி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி பார்க்கிறாள். முகம் வெளுத்து உதடு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொன்னார். கோடை லீவில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், அப்போது ஆபீசில் ஒரு புரோகிராம் ரிலீஸ் வந்தது, தள்ளியாயிற்று. காலாண்டு லீவில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், அப்போது வெளிநாட்டிலிருந்து கம்பெனிக்காரர்களே நேரில் வந்து இறங்கினார்கள், தள்ளியாயிற்று. மூன்றாவது தடவை தேதி கேட்கப் போனபோது டாக்டரம்மா கோகிலாவைப் பார்க்காமல் அவனைப் பார்த்தார். இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை தள்ளினால் என்னைக் கேட்காதீர்கள் என்றார். கூட இருக்க அவளுடைய தங்கை தாராபுரத்திலிருந்து வரத் தயாராக இருந்தாள், ஒரு வாரமென்ன, இரண்டு வாரம் இருக்கிறேன் என்றாள். ஆனால் கோகிலா ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். அவளுடைய அம்மா பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று நடந்து உள்ளே போய்த் திரும்பி வராதவள். அப்பா அன்றைக்கு மில்லில் பகல் ஷிஃப்ட், மேஸ்திரி விட மாட்டேன் என்றுவிட்டான், அவர் வந்து சேர்ந்தபோது துணி போர்த்தியாயிற்று. "யாரு வந்தாலும் வராட்டியும் கதவுக்கு வெளிய நீங்க நிக்கோணும். நீங்க நிக்காம நான் உள்ள போகமாட்டன்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் கேட்டது இது ஒன்றுதான், நகை கேட்டதில்லை, ஊட்டி கேட்டதில்லை. நிற்க வேண்டும். ஒரு கதவுக்கு வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டும். இதற்கு என்ன திறமை வேண்டும்.

அந்த மில் மேஸ்திரியை மாமனார் சாகும் வரைக்கும் திட்டிக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போனாலும் அவனைத்தான் திட்டுவார், கரண்டு போனாலும் அவனைத்தான். திட்டத் திட்ட அந்த மனிதருக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. மோகனசுந்தரத்துக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒருத்தர் இருந்தார், முதல் கம்பெனியில், வரதராஜன் என்று. எதைப் போட்டாலும் வெடிப்பார் என்பதால் அவருக்குக் கடுகு என்று பெயர். லீவு என்று போய் நின்றால் எதுக்கு, யாரு செத்தா என்று கேட்பார். அக்கா கல்யாணத்துக்கு ஒன்றரை நாள் கொடுத்தார், ஒன்றரை, பந்தியில் பாதியில் எழுந்து பஸ் பிடித்தான். சாயங்காலமானால் ஏழெட்டுப் பேர் டீக்கடையில் நின்று கடுகை வறுத்து எடுப்பார்கள். அவருடைய நடை, அவருடைய வாட்ச், அவருடைய இங்கிலீஷ், ஒன்றையும் விட்டதில்லை. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு ரூமுக்குப் போய்ப் படுத்தால் விடிந்துதான் எழுந்திருப்பான். அந்த ஆளை வெறுத்ததில் என்ன ஒரு சுகம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவன்தான் விடவில்லை என்று யாரிடமும் சொல்லலாம், அப்பாவிடம் சொல்லலாம், அக்காவிடம் சொல்லலாம், கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்தும் சொல்லலாம். இப்போது யாரைச் சொல்வது. தருண் எந்த நாளாவது முடியாது என்று சொல்லியிருக்கிறானா. கோடையில் அந்த ரிலீஸ் வந்தபோது, உங்களால் முடியுமா மோகன்ணா, கஷ்டமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்டான். முடியும் என்றது யார். காலாண்டில் அவர்கள் வந்து இறங்கியபோது, நான் விளக்கிச் சொல்கிறேன் என்று தானாகக் கையைத் தூக்கியது யார். இடது கண் இமை துடிக்க ஆரம்பித்தது. ஒரு மாதமாக இப்படித்தான், கணினி முன்னால் அதிகம் உட்காராதீர்கள் என்று கண் டாக்டர் சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார், அவன் அதைக் கணினி முன்னால் உட்கார்ந்தே விட்டுக்கொள்கிறான்.

மீட்டிங் கடைசியில் விரல் காட்ட வேண்டும். இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று யாருக்கும் தெரியாது, எல்லா ஆபீசிலும் இப்போது இதைத்தான் செய்கிறார்கள். இந்த வேலை சொன்ன நேரத்துக்குள் முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், அதைக் கையைத் தூக்கி விரலால் காட்டுங்கள். ஐந்து விரல் என்றால் முழு நம்பிக்கை, மூடிய கை என்றால் துளியும் இல்லை. மூன்றும் அதற்கு மேலும் என்றால் சரி. மூன்றுக்குக் கீழே ஒருத்தர் காட்டினாலும் திட்டம் நிற்கும், அவர் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும், எல்லோரும் பேச வேண்டும், மறுபடி விரல் காட்ட வேண்டும், எல்லாக் கையிலும் மூன்று வரும் வரை. யாரும் யாரையும் பார்த்துக் காட்டக் கூடாது என்பதற்காகத் தருண் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவான், மூன்று என்றதும் எல்லாக் கையும் ஒன்றாக மேலே வர வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது. ஆனால் இதிலும் ஒரு வித்தை இருந்தது, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் கற்றுக்கொண்ட வித்தை. கையை எல்லோரோடும் தூக்க வேண்டும், விரலை மட்டும் அரை நொடி கழித்து விரிக்க வேண்டும். அந்த அரை நொடிக்குள் மேஜையைச் சுற்றி ஒரு பார்வை. பக்கத்தில் நாலு, எதிரில் நாலு, அப்படியானால் நமக்கும் நாலு. மோகனசுந்தரம் அந்த அரை நொடியில் கைதேர்ந்தவன், நாற்பத்து மூன்று வயதில் புதிதாக எதிலாவது கைதேர்ந்தான் என்றால் இதில்தான். இந்த வித்தை தெரியாத ஒருத்தன் டீமில் இருந்தான், சந்தானம் என்று, கெட்டிக்காரன். இரண்டு என்று பட்டால் பளிச்சென்று இரண்டைக் காட்டுவான். தருண் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை, நன்றி சந்தானம், நேர்மைக்கு நன்றி என்பான். சந்தானம் காரணங்களைச் சொல்வான், எல்லாம் சரியான காரணங்கள், மணி ஆறாகும், எல்லோரும் வாட்சைப் பார்ப்பார்கள். கடைசியில் அவனும் மூன்று காட்டுவான். வருஷக் கடைசியில் அவனை உட்கார வைத்து, இந்த டீமின் வேகம் உங்களுக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது, உங்களுக்குப் பிடித்த டீமை நீங்களே தேடிக்கொள்ளலாம், முழுச் சுதந்திரம் என்று சொன்னார்கள். அவனும் மாடி மாடியாக ஏறி இறங்கித் தேடினான். இரண்டு விரல்காரன் என்ற பெயர் அவனுக்கு முன்னாலேயே எல்லா மாடிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் அவனே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். யாரும் போகச் சொல்லவில்லை.

எதிரே ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள், பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக. தூத்துக்குடிக்காரி, டீமில் சேர்ந்து மூன்று வருஷம், வாயில் ஒளிவு மறைவு கிடையாது. மதியம் கேன்டீனில் அவன் எலுமிச்சை சாதத்தைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எதிரில் தட்டை வைத்தாள். கோகிலாவைப் பற்றி அவளுக்குத் தெரியும், இந்த ஆபீசிலேயே தெரிந்தது அவளுக்கு மட்டும்தான், அதுகூட ஆஸ்பத்திரி வாசலில் தற்செயலாகப் பார்த்துவிட்டதால். இன்றைக்காவது சொல்வீர்களா என்று கேட்டாள். சொல்வேன் என்றான். அவள் நம்பவில்லை. "நீங்க சொல்ல மாட்டீங்க அண்ணன், எனக்குத் தெரியும். வாயால சொல்ல வரலன்னா விரலக் காட்டுங்க. ரெண்டு காட்டுங்க. நானும் ரெண்டு காட்டுதேன், பாத்துக்கோங்க. ஒருத்தர்னா பேசிக் கரைச்சிருவாவ, ரெண்டு பேர்னா நின்னுதான் ஆகணும்." அவன் தலையாட்டினான். அவளுடைய பங்கு சின்னது, கடிதம் அனுப்புகிற வேலை, ஒரு வாரத்தில் முடித்துவிட்டுப் பாட்டுக் கேட்பாள். அவள் இரண்டு காட்டுவது அவளுக்காக இல்லை. அது தெரிந்ததும் அவனுக்கு நன்றி என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை, ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டான். இப்போது அவள் பேனாவை மூடிவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த நாயைப் பார்த்தான்.

வரிசையாக ஒவ்வொருத்தர் பங்கையும் சொல்லிக்கொண்டே வந்து தருண் நிறுத்தினான். "ஒரு விஷயம். அந்த வாரம் யாருக்காவது லீவு வேணும்னா, வீட்ல ஏதாவது இருந்தா, இப்பவே சொல்லிருங்க ப்ளீஸ். வீடுதான் முக்கியம். நாய் காத்திருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். இதோ, கதவு திறந்துவிட்டது, இதைவிட அகலமாக எந்த ஆபீசில் யார் திறப்பார்கள். மோகனசுந்தரம் வாயைத் திறந்தான், திறந்த வாய்க்குள் ஏசிக்காற்று போனது. சொல்லு. என் மனைவிக்கு. மனைவிக்கு என்று ஆரம்பித்தால் என்ன ஆபரேஷன் என்பார்கள், கர்ப்பப்பை என்று இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது, சின்ன ஆபரேஷன் என்று சொல்லலாம், சின்னது என்றால் ஒரு நாள் போதாதா என்று தோன்றும், பெரியது என்றால் முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று தோன்றும். யாரும் கேட்க மாட்டார்கள், தோன்றும். தருண் உடனே எழுந்து வந்து தோளில் கை வைப்பான், ஐயோ அக்காவுக்கா, ஏண்ணா சொல்லல, நீங்க போங்கண்ணா, நாங்க பாத்துக்கறோம் என்பான். பாத்துக்கறோம். அங்கேதான் இடித்தது. எப்படிப் பார்த்துக்கொள்வார்கள். அவனுடைய பங்கை யாரிடமாவது கொடுப்பார்கள். அதோ அந்தப் பக்கம் தாடியை வருடிக்கொண்டிருக்கிறானே, போன ஆடியில் சேர்ந்தவன், அவனிடம் கொடுப்பார்கள். அவன் வாரக் கடைசிக்குள் முடித்துவிடுவான். முடிக்காவிட்டால்தான் தப்பித்தோம், முடித்துவிட்டால். மோகனசுந்தரம் இல்லாமலே எல்லாம் நடந்துவிட்டால். வெளியே தெரிந்துவிடும், இந்த மனிதன் இல்லாமல் ஒரு நாய்கூடச் சாகவில்லை என்று. இதுதானா. இத்தனை நாளும் லீவு கிடைக்காது என்றா பயந்தான், கிடைத்துவிடும் என்றல்லவா பயந்திருக்கிறான். சீ. அந்த நினைப்பை அப்படியே கீழே தள்ளி வேறு எதையாவது நினைக்கப் பார்த்தான், சொட்டு மருந்து தீர்ந்துபோயிற்று, பைக்குக்குக் காற்று அடிக்க வேண்டும், கோகிலாவுடைய கால் வீக்கம், வேண்டாம், காற்று, காற்றுதான். யாரோ ஒரு பெண் தன் தம்பி நிச்சயதார்த்தம், ஒரே ஒரு நாள் என்றாள். சூப்பர், வாழ்த்துகள் என்றான் தருண், தாராளமாகப் போய் வாருங்கள். வேறு யாராவது. அவன் பார்வை மேஜையைச் சுற்றி வந்தது, மோகனசுந்தரத்தின் மேல் வந்து ஒரு கணம் நின்றது, அந்தக் கண்ணில் அன்பைத் தவிர ஒன்றும் இல்லை. மோகனசுந்தரம் புன்னகைத்தான். அப்புறம் தருண் அடுத்த படத்துக்குப் போய்விட்டான்.

பரவாயில்லை, வாய்தான் போயிற்று, விரல் இருக்கிறது. விரலில் காட்டிவிட்டால் காரணத்தை நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம், வேலை அதிகம், நாள் போதாது என்றே சொல்லலாம், அது உண்மையும்கூட, கோகிலாவை இழுக்கவே வேண்டாம். திட்டம் ஒரு வாரம் தள்ளினால் போதும். இரண்டு விரல். ஆள்காட்டி விரலும் நடு விரலும். மேஜைக்கு அடியில் ஒரு தடவை விரித்துப் பார்த்தான், சுலபமாகத்தான் இருந்தது. கதவுக்கு வெளியே நிற்கிற காட்சியை வரவழைத்துக்கொண்டான், பச்சைத் திரை, பெஞ்சு, டெட்டால் வாடை, தாராபுரத்துக்காரி ஃபிளாஸ்கோடு. நான் அங்கே நிற்கிறேன். போனில் ஆபீஸ் மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. தாடிக்காரன் கேட்கிறான், அண்ணா இந்த வரி ஏன் இப்படி எழுதினீங்க. அப்புறம் கேட்பதை நிறுத்திவிடுகிறான். போன் சும்மா இருக்கிறது. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அவன் சும்மா இருக்கிற போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கோகிலா உள்ளே படுத்திருக்க இவனுக்கு அந்த நினைப்பா. இப்படிப்பட்ட ஆள் அங்கே நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன. சரி, விரலைக் காட்டுவோமா என்றான் தருண்.

ஒன்று. இரண்டு. மூன்று. எல்லாக் கையும் மேலே வந்தது, மோகனசுந்தரத்தின் கையும் வந்தது, விரல் மட்டும் வரவில்லை. அவன் நினைத்துச் செய்தது அல்ல, கை தன் பழக்கத்தில் காத்திருந்தது. பக்கத்தில் நாலு. அதற்குப் பக்கத்தில் நாலு. தாடி ஐந்து. தம்பி நிச்சயதார்த்தம் நாலு. எதிரே ஜெசிந்தா, கையை நன்றாக உயரத் தூக்கி, இரண்டு, காத்திருக்காமல், சுற்றிப் பார்க்காமல், நேராக அவனைப் பார்த்து. அரை நொடி எவ்வளவு பெரியது, அதற்குள் ஒரு ஆள் எத்தனை தடவை போய்த் திரும்பி வரலாம். அவன் நாலு விரலை விரித்தான். ஜெசிந்தா அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை, சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிக் காதில் விழக் கூடாதது விழுந்துவிட்ட மாதிரி அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள், கையை மட்டும் இறக்கவில்லை.

நன்றி ஜெசிந்தா, சொல்லுங்கள், என்ன தோன்றுகிறது என்றான் தருண். தன் வேலையில் ஒன்றும் இல்லை என்றாள் ஜெசிந்தா, அனுமதி கொடுக்கிற அந்த நடுப்பகுதி இத்தனை நாளில் முடியாது, சோதிக்கிற வாரத்தில் ஆள் இல்லாமல் போனால் எல்லாம் நின்றுவிடும், புத்தாண்டை ஒரு வாரம் தள்ளச் சொல்லிக் கேட்கலாம், அவர்கள் கேட்பார்கள் என்றாள். ஆள் ஏன் இல்லாமல் போகும் என்று அவள் சொல்லவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது, அதை அவனுக்காக விட்டு வைத்தாள். தருண் உதட்டைக் கடித்து யோசித்தான். நல்ல கேள்வி, கேட்கலாம், ஒரு வாரம் தள்ளுவதில் எனக்கு ஒன்றும் இல்லை என்றான். அப்புறம் நாற்காலியைத் திருப்பினான். "மோகன்ணா, அது உங்க பார்ட். நீங்க என்ன சொல்றீங்களோ அதான். தள்ளணும்னா நான் இன்னைக்கே பேசறேன்." எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், தாடி தாடியை விட்டுவிட்டுப் பார்த்தான். ஒரு வார்த்தை. தள்ளலாம் என்றால் தீர்ந்தது, காரணம்கூட வேண்டாம். தள்ளலாம். ஐந்து எழுத்து நாக்கில் உட்கார்ந்திருந்தது.

"முடியும்" என்றான் மோகனசுந்தரம். "நான் இருக்கேன்ல."

அதுதாண்ணா எங்களுக்குத் தைரியம் என்றான் தருண். மறுபடி எண்ணினான், மறுபடி கைகள் வந்தன. ஜெசிந்தா மூன்று விரல் காட்டினாள், யாரையும் பார்க்காமல். நாமே எடுத்த முடிவு, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அதுதான் இதில் அழகு என்று தருண் சொல்லி விளக்கைப் போட்டான், சுவரில் நாய் மங்கிப்போனது. நாற்காலிகள் நகர்ந்தன. மோகனசுந்தரம் ஜெசிந்தாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கதவருகே நின்றான். அவள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள், அவன் முன்னால் வந்ததும் நின்றாள், திட்டப்போகிறாள் என்று அவன் ஆசையோடுகூட எதிர்பார்த்தான். "அக்காவ நல்லாப் பாத்துக்கோங்க சார்" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் அவனை சார் என்று கூப்பிட்டதில்லை. அப்புறம் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

போன் அடித்தபோது அவன் லிஃப்ட் பக்கத்து ஜன்னலோரம் நின்றிருந்தான். கீழே சத்தி ரோட்டில் பஸ்கள் ஊர்ந்துகொண்டிருந்தன, ஸ்கூல் விட்ட நேரம். சொல்லிட்டீங்ளா என்றாள் கோகிலா, எடுத்ததும். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம், அவள் ஸ்கூல் வராந்தாவில்தான் இருக்கிறாள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருப்பாள். சொன்னேன் என்றான். அப்புறம் என்றாள். அவன் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்தான். ஒத்துக்கொள்ளவில்லை என்றான். எவ்வளவு சுலபமாக வந்தது, மதியமெல்லாம் மல்லுக்கட்டியும் வராத நாக்கு இதற்கு எப்படிப் புரண்டது. யாரு, தருண் தம்பியா, அவரா அப்படிச் சொன்னாரு, நம்பவே முடியலிங்க என்றாள். அவரில்லை, மேலே ஒருத்தர் இருக்கிறார், அவர்தான் விட மாட்டேன் என்கிறார் என்றான். ஆபரேஷன் என்று சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னேன் என்றான். தள்ளுவது மூன்றாவது தடவை என்று சொன்னீர்களா என்றாள். எல்லாம் சொன்னேன், எல்லாம் அவருக்குத் தெரியும் என்றான். பிள்ளைகள் சத்தம் அடங்கிக்கொண்டு வந்தது. அப்புறம் அவள் திட்ட ஆரம்பித்தாள், சத்தமில்லாமல், யாருக்கும் கேட்காத குரலில், நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு. இத்தனை வருஷத்தில் அவள் யாரையும் திட்டி அவன் கேட்டதில்லை.

"மனுசனாங்க அவன். எல்லாந் தெரிஞ்சும் இப்படிச் சொல்றதுக்கு எப்படி மனசு வந்துது. அவம் பொண்டாட்டிக்கு இப்படி ஆகியிருந்தா அப்பத் தெரியும் அவனுக்கு. இல்ல, அப்பவும் தெரியாது. அந்த மாதிரி ஆளுக்கு ஒரு பொண்டாட்டி வேற, அவ எப்படித்தான் குடும்பம் நடத்தறாளோ."

அவள் மூச்சு கொஞ்சம் சமாதானமாயிற்று. விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், நீங்க கேட்டுப் பாத்தீங்கல்ல, அது போதும் என்றாள். மாத்திரை இருக்கிறது, கோடை லீவு வரைக்கும் ஓட்டிவிடலாம், தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க மனசுல வெச்சுக்கிட்டு ராத்திரி தூங்காம இருக்காதீங்க என்றாள். சரி என்றான். பஸ் வந்துவிட்டது என்றாள், ஆனால் வைக்கவில்லை, ஏறுகிற சத்தம் கேட்டது, யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள், இல்லங்க வேண்டாங்க, நான் நின்னுக்கறேன் என்று அவள் யாரிடமோ சொன்னாள்.

"ஏனுங்க" என்றாள் மறுபடி, "அந்தாளு எப்பவுமே இப்படித்தானுங்ளா?"

"ஆமா" என்றான் மோகனசுந்தரம். "எப்பவுமே இப்படித்தான்."